வீதிக் கம்பத்தில் ஓர் அறிவித்தல்: பக்கத்தில் கட்டடம் வரும்போது உங்கள் கருத்துக்கு என்ன இடம்?

லண்டனிலோ லெஸ்டரிலோ இருப்பவர்கள் இதைப் பலமுறை கண்டிருப்பீர்கள். வீதி விளக்குக் கம்பத்தில், மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கட்டிய ஒரு தாள். மேலே கவுன்சிலின் சின்னம். கீழே சிறிய எழுத்தில் ஒரு முகவரி, ஒரு விண்ணப்ப இலக்கம், "இருக்கும் கட்டடத்தை இடித்துவிட்டு ஐந்து மாடியில் 24 வீடுகள் கட்டுதல்" என்பது போன்ற ஒற்றை வரி விளக்கம், கடைசியில் ஒரு திகதி. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் நின்று வாசிப்பதில்லை. பிறகு ஒருநாள் இடிக்கும் இயந்திரங்கள் வந்து இறங்கும்போதுதான் "எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லையே" என்ற பேச்சு வருகிறது. அந்தத் தாள் மூலமாகத்தான் கேட்டிருக்கிறார்கள்.

இங்கே நான் எழுதுவது இங்கிலாந்து நடைமுறை பற்றி. ஸ்கொட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் வட அயர்லாந்துக்கும் தனி விதிகள் உண்டு. பிளானிங், அதாவது கட்டட அனுமதி நடைமுறை, என்றாலே அது சட்டத்தரணிகளுக்கும் கட்டடக் கலைஞர்களுக்கும் உரிய விஷயம் என்று எங்கள் ஆட்கள் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். இது எனக்குப் பெரிய கவலை. ஒரு வீதியில் எப்போது நெரிசல், எந்த வடிகால் அடைக்கும், எந்த மூலையில் பிள்ளைகள் வீதியைக் கடப்பார்கள் என்பதெல்லாம் அங்கே இருப்பவருக்குத்தான் தெரியும். அந்த அறிவு கவுன்சிலின் கோப்புக்குள் போய்ச் சேர பெரும்பாலும் இருக்கும் ஒரே வழி இந்தக் கருத்துக் கேட்பு.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். 1947 இல் இயற்றப்பட்டு 1948 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்துக்குப் பிறகு, இந்த நாட்டில் காணி உங்களுடையது என்பதற்காக அதில் நினைத்ததைக் கட்ட முடியாது. உள்ளூர் கவுன்சில் அனுமதிக்க வேண்டும். இன்று நடைமுறையில் இருப்பது 1990 ஆம் ஆண்டுச் சட்டம், அடிப்படை அதேதான். தொடக்க காலத்தில் சுற்றியிருப்பவர்களின் கருத்தைக் கேட்பதற்குப் பெரிய இடம் இருக்கவில்லை. 1960களில் பழைய வீதிகளை இடித்துப் பெருந்தெருக்களும் கோபுரக் குடியிருப்புகளும் எழும்பிய வேகத்தில் மக்களின் எரிச்சல் கூடியது. 1968 இல் வந்த சட்டம், திட்டங்கள் தயாரிக்கும்போது மக்களுக்கும் இடம் கொடுக்கச் சொன்னது. அடுத்த ஆண்டு ஆர்தர் ஸ்கெஃபிங்டன் என்ற பாராளுமன்ற உறுப்பினரின் தலைமையிலான குழு, அதை எப்படிச் செய்வது என்று ஓர் அறிக்கை தந்தது. இன்று நீங்கள் காணும் அறிவித்தல்கள், கண்காட்சிகள், கருத்துப் படிவங்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

இப்போது நடைமுறை. ஒருவர் விண்ணப்பம் போட்டதும் கவுன்சில் அதை இணையத்தில் ஏற்றும். அத்துடன் கட்டடம் வரும் இடத்துக்குப் பக்கத்தில் அறிவித்தல் கட்டும், அல்லது எல்லையை ஒட்டி இருப்பவர்களுக்குக் கடிதம் போடும். பெரிய திட்டமென்றால் உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம் வரும். கருத்துச் சொல்ல வழமையான கால எல்லை 21 நாட்கள். பெரிய திட்டம் என்பதற்கும் ஒரு வரையறை உண்டு: பத்து வீடுகளோ அதற்கு மேலோ, அல்லது 1,000 சதுர மீற்றருக்குக் குறையாத தளப் பரப்பு. சிறிய விண்ணப்பத்துக்கு எட்டு வாரத்துக்குள்ளும், பெரியதற்குப் பதின்மூன்று வாரத்துக்குள்ளும் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. நடைமுறையில் இது அடிக்கடி நீள்கிறது.

யார் எழுதலாம்? யாரும் எழுதலாம். வீட்டுச் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. வாடகைக்கு இருப்பவர், விசாவில் இருப்பவர், அந்த வீதியில் கடை வைத்திருப்பவர், பிள்ளையை அந்தப் பக்கத்துப் பாடசாலைக்குக் கூட்டிப் போகிறவர், எல்லோரும் எழுதலாம். கட்டணம் கிடையாது. கடிதம் வரவில்லை என்பதற்காக எழுதக் கூடாது என்றும் இல்லை. 21 நாள் கடந்த பிறகும் முடிவு எடுக்கும் வரை வரும் கருத்துகளைப் பல கவுன்சில்கள் பார்ப்பதுண்டு. ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம்.

இது வாக்கெடுப்பு அல்ல

எங்கள் ஆட்கள் மிகவும் தவறாக விளங்கிக்கொள்ளும் இடம் இதுதான். நூறு பேர் எதிர்த்து எழுதினால் திட்டம் நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். வாட்ஸப்பில் ஒரு கடிதத்தை அனுப்பி, "எல்லாரும் இதை அப்படியே போடுங்கோ" என்கிறார்கள். நூறு பேர் ஒரே கடிதத்தை அனுப்பினால் கவுன்சிலின் பிளானிங் அதிகாரியின் கையில் இருப்பது ஒரே காரணம். அந்தக் காரணம் பிளானிங் தொடர்பானதா, அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்பதைத்தான் அவர் பார்ப்பார். ஒரே ஒருவர் எழுதிய நல்ல கடிதம் ஒரு வரைபடத்தையே மாற்ற வைக்கலாம். எண்ணிக்கைக்கு ஒரு பயன் உண்டு: சில கவுன்சில்களில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆட்சேபனை வந்தால் விண்ணப்பம் அதிகாரியின் மேசையிலிருந்து கவுன்சிலர்கள் இருக்கும் குழுவுக்குப் போகும். அவ்வளவுதான்.

எவை காரணங்களாக எடுபடும்? உங்கள் வீட்டுக்குள் வெளிச்சம் குறைவது, புதிய யன்னல்களும் பல்கனிகளும் உங்கள் அறையையோ பின்வளவையோ நேராகப் பார்ப்பது, வீதிப் பாதுகாப்பு, வாகனத் தரிப்பிடம், அந்தக் கட்டடத்தில் பிறகு நடக்கப்போகும் செயல்களால் வரும் சத்தமும் மணமும், அந்த இடத்துக்குப் பொருந்தாத பருமனும் தோற்றமும், மரங்கள், வெள்ள அபாயம், பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடங்களுக்கு வரும் பாதிப்பு. இவற்றுடன், கவுன்சிலின் சொந்தத் திட்டம் என்ன சொல்கிறது என்பதும் முக்கியம்.

எடுபடாதவை எவை என்று கேட்டால் பலருக்குக் கோபம் வரும். உங்கள் வீட்டு விலை குறையும் என்பது எடுபடாது. யன்னலால் இவ்வளவு காலம் தெரிந்த காட்சி மறையும் என்பதும் எடுபடாது. விண்ணப்பம் போட்டவர் யார், அவர் எப்படிப்பட்டவர், அவருக்கும் உங்களுக்கும் வேலிப் பிரச்சினை இருக்கிறதா, அவருடைய கடை வந்தால் உங்கள் கடை வியாபாரம் படுக்குமா என்பவற்றைக் கவுன்சில் கணக்கில் எடுக்காது. காரணம், பிளானிங் சட்டம் பார்ப்பது பொது நலனை. ஒரு தனி ஆளின் சொத்து மதிப்பைக் காப்பது அதன் வேலை அல்ல. ஒரே கட்டடம் உங்கள் பார்வையை மறைக்கிறது, உங்கள் குசினிக்கு வரும் வெளிச்சத்தையும் மறைக்கிறது என்றால், முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை எழுதுங்கள்.

வித்தியாசம் எப்படி இருக்கும் என்று ஓர் உதாரணம் எழுதிக் காட்டுகிறேன். ஒரே கட்டடத்தைப் பற்றி இரண்டு பேர் எழுதுகிறார்கள். முதலாமவர்:

"இந்தத் தொடர்மாடி வந்தால் எங்கள் வீட்டு விலை விழுந்துவிடும். யார் யாரோ வந்து குடியேறுவார்கள். டெவலப்பருக்குப் பணம் மட்டும்தான் நோக்கம். தயவுசெய்து அனுமதிக்க வேண்டாம்."

இரண்டாமவர்:

"நான் பின்பக்கம் ஒட்டியிருக்கும் வீட்டில் வசிக்கிறேன். மூன்றாம் மாடி வரைபடத்தில் மேற்குப் பக்கம் காட்டியிருக்கும் இரண்டு பல்கனிகளும் எங்கள் படுக்கையறை யன்னலை நேராகப் பார்க்கின்றன. வரைபட அளவின்படி இடைவெளி 12 மீற்றர்தான். உங்கள் வடிவமைப்பு வழிகாட்டி கேட்பது இதைவிடக் கூட. பல்கனிகளை வீதிப் பக்கம் மாற்றினாலோ, அந்தப் பக்கத்துக்கு உயரமான மறைப்பு வைத்தாலோ இந்தப் பிரச்சினை தீரும்."

முதலாவது கடிதத்தில் அதிகாரி பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. "யார் யாரோ" என்ற சொல் கெடுதலும் செய்யும். இனத்தையோ வர்க்கத்தையோ தொட்டு எழுதும் கருத்துகளைக் கவுன்சில் ஏற்பதில்லை, அப்படி எழுதுவது எங்களுக்கு அழகும் இல்லை. நாங்களும் ஒரு காலத்தில் வந்து குடியேறியவர்கள். இரண்டாவது கடிதத்துக்கு அதிகாரி தன் அறிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் அவர் கட்டடக் கலைஞரிடம் அதைக் காட்டித் திருத்திய வரைபடம் கேட்பார். கட்டடம் வரும், ஆனால் பல்கனி திரும்பியிருக்கும். கருத்துக் கேட்பில் கிடைக்கும் வெற்றிகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை.

வரைபடத்தைப் பார்ப்பது

கவுன்சில் இணையத்தளத்தில் விண்ணப்ப இலக்கத்தைப் போட்டால் ஆவணங்கள் வரிசையாக வரும். பெரிய திட்டமென்றால் நூறு கோப்புகள்கூட இருக்கும், மலைக்க வேண்டாம். முதலில் இடத்தின் வரைபடத்தை எடுங்கள். விண்ணப்பத்துக்கு உரிய காணியைச் சிவப்புக் கோடு சுற்றியிருக்கும். வடக்கைக் காட்டும் அம்புக்குறியைத் தேடுங்கள், வெயில் எந்தப் பக்கத்தால் வருகிறது என்பது அதில்தான் விளங்கும். உங்கள் வீட்டுக்குத் தெற்கே எழும்பும் கட்டடம் போடும் நிழலும், வடக்கே எழும்பும் கட்டடம் போடும் நிழலும் ஒன்றல்ல. அப்புறம் "இப்போது இருப்பது", "வரப்போவது" என்று இரண்டு படங்கள் சோடியாக இருக்கும். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள்: உங்கள் வீடு அந்தப் படத்தில் சரியாக இருக்கிறதா? பக்கத்து வீடுகளை வெறும் பெட்டியாக வரைந்து, யன்னல்களைக் காட்டாமல் விட்டுவிடும் வரைபடங்கள் உண்டு. நீங்கள் பின்பக்கம் நீட்டிக் கட்டிய அறை பழைய வரைபடத்தில் இல்லாமலே போகலாம். இந்த அறை இங்கே இருக்கிறது, இதில் இந்த யன்னல் இருக்கிறது என்று ஒரு படத்துடன் எழுதினால் அதை ஒதுக்கிவிட முடியாது.

வெளிச்சத்துக்குப் பல கவுன்சில்கள் 45 பாகை விதியை வைத்திருக்கின்றன. உங்கள் கிட்டிய அறை யன்னலின் நடுவிலிருந்து பக்கத்துக் கட்டடத்தின் பக்கமாக 45 பாகையில் ஒரு கோடு கீறுங்கள். புதிய சுவர் அந்தக் கோட்டைத் தாண்டி வந்தால் வெளிச்சம் குறையும் சாத்தியம் இருக்கிறது என்று கொள்வார்கள். அடிமட்டமும் பாகைமானியும் போதும், இதற்கு நிபுணர் தேவையில்லை.

இன்னொன்று வாகனத் தரிப்பிட ஆய்வு. லண்டனில் டெவலப்பர்கள் பரவலாகப் பின்பற்றுவது, லாம்பெத் கவுன்சில் வகுத்த லாம்பெத் முறை. குடியிருப்புத் திட்டமென்றால், வார நாட்களில் இரவு 12.30க்கும் அதிகாலை 5.30க்கும் இடையே, 200 மீற்றர் நடை தூரத்துக்குள் எத்தனை கார்கள் நிற்கின்றன என்று எண்ணுவார்கள். குடியிருப்பவர்கள் எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரம் என்பதால் அதைத் தெரிவு செய்கிறார்கள், அதில் நியாயம் உண்டு. ஆனால் உங்கள் வீதியின் முடிவில் ஒரு கோவில் இருந்து, வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு கார் விட இடமில்லாமல் போகிறதென்றால் அந்த ஆய்வில் அது தெரியாது. பாடசாலை விடும் மூன்றரை மணி நெரிசலும் தெரியாது. திகதி, நேரம் போட்ட நாலைந்து புகைப்படங்களுடன் இதை எழுதக் கூடியவர் அந்த வீதியில் இருப்பவர்தான்.

ஆங்கிலம் பற்றிப் பயப்பட வேண்டாம். எளிய வசனங்கள் போதும், பிள்ளைகளிடம் கொடுத்து ஒருமுறை வாசிக்கச் சொல்லலாம். பெயரும் முகவரியும் போட வேண்டும். அவை கருத்துடன் சேர்ந்து இணையத்தில் எல்லோருக்கும் தெரியலாம் என்பதையும் மனதில் வையுங்கள். தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல் முகவரி போன்றவற்றைக் கவுன்சில் மறைத்துவிடும். உடல்நிலை, குடும்பப் பிரச்சினை போன்றவற்றைக் கடிதத்தில் எழுத வேண்டாம்.

எதிர்க்க மட்டும்தான் எழுத வேண்டும் என்றும் இல்லை. ஆதரித்தும் எழுதலாம், எழுத வேண்டும் என்றே சொல்வேன். வீடு கிடைக்காமல் பிள்ளைகள் லூட்டனுக்கும் மில்ட்டன் கீன்ஸுக்கும் போகிற காலம் இது. ஒரு நல்ல குடியிருப்புத் திட்டம் வந்தால் அதை எதிர்ப்பவர்கள் மட்டுமே கடிதம் போடுகிறார்கள், அது தேவைப்படுகிறவர்கள் பேசாமல் இருக்கிறார்கள். பழைய களஞ்சியம் ஒன்றைக் கோவிலாகவோ கலாச்சார மண்டபமாகவோ மாற்ற விண்ணப்பம் போடும்போதும் இதே கதைதான். "எங்கள் கோவிலுக்கு அனுமதி தாருங்கள்" என்று ஐந்நூறு பேர் எழுதுவதைவிட, "திருவிழா நாட்களில் வாகனங்களைப் பக்கத்துப் பாடசாலையில் விட ஒழுங்கு இருக்கிறது, தன்னார்வலர்கள் வீதியில் நிற்பார்கள்" என்று நிர்வாகம் ஆதாரத்துடன் காட்டுவதும், நடந்தே வரக் கூடிய பத்து அயலவர்கள் அதைச் சொல்வதும் உதவும்.

பக்கத்து வீட்டு எக்ஸ்டென்ஷன்

பலருக்கு முதலில் வரும் கடிதம் பெரிய கட்டடம் பற்றி இருக்காது, பக்கத்து வீட்டுப் பின்னறை பற்றித்தான் இருக்கும். பின்பக்கம் ஒரு மாடியில் சிறிதாக நீட்ட முழு அனுமதி தேவையில்லை: ஒட்டிய வீடென்றால் மூன்று மீற்றர், தனி வீடென்றால் நான்கு மீற்றர் வரை. அதைத் தாண்டி, ஒட்டிய வீட்டுக்கு ஆறு மீற்றர் வரைக்கும் தனி வீட்டுக்கு எட்டு மீற்றர் வரைக்கும் போக ஒரு குறுக்கு வழி உண்டு. கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். கவுன்சில் எல்லையை ஒட்டிய வீடுகளுக்குக் கடிதம் போட்டுக் குறைந்தது 21 நாள் கொடுக்கும். ஒருவரும் ஆட்சேபிக்காவிட்டால், அயலவருக்கு என்ன பாதிப்பு என்று கவுன்சில் பார்க்கவே மாட்டாது, வேலை தொடங்கலாம். ஒருவர் ஆட்சேபித்தாலும் பாதிப்பை ஆராய்ந்தாக வேண்டும். 42 நாளுக்குள் கவுன்சில் ஒன்றும் சொல்லாவிட்டாலும் கட்டலாம்.

ஆகவே இந்த ஒரு விஷயத்தில் உங்கள் ஒரே கடிதத்துக்குப் பெரிய பலம் உண்டு. இதே காரணத்தால்தான் பக்கத்து வீட்டு அண்ணை வந்து "கவுன்சிலுக்கு ஒண்டும் எழுதிப்போடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போவார். பல வருடம் பக்கத்தில் இருக்கப் போகிறவர் அவர். முதலில் வரைபடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், எங்கே இடிக்கிறது என்று சொல்லுங்கள், ஒரு மீற்றர் குறைக்க முடியுமா என்று பேசுங்கள். அது சரிவராவிட்டால் எழுதுவதில் பிழையில்லை. எழுதுவது பகைக்காக இல்லை என்று நேரில் சொல்லிவிட்டு எழுதுங்கள். பொதுச் சுவரில் கை வைப்பது, அத்திவாரம் தோண்டுவது போன்றவற்றுக்கு 1996 ஆம் ஆண்டின் பொதுச் சுவர்ச் சட்டம் தனியாக இருக்கிறது. அதைக் கவுன்சில் கவனிக்காது, நீங்களும் அவரும் சர்வேயர்களும் சேர்ந்து பார்க்க வேண்டியது.

பெரிய திட்டம், முடிவு எடுப்பவர்

பெரிய டெவலப்பர்கள் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே ஒரு துண்டுப் பிரசுரம் வீட்டுக்குள் போடுவார்கள். தேவாலய மண்டபத்திலோ நூலகத்திலோ ஒரு பின்னேரம் வரைபடங்களை வைத்துவிட்டு நிற்பார்கள். போய்ப் பாருங்கள். அந்தக் கட்டத்தில் வரைபடம் இன்னும் இறுகவில்லை, ஒரு மாடியைக் குறைக்கவோ வாசலை மாற்றவோ அவர்களுக்குச் செலவு குறைவு. "புதிய வீடுகளும் பசுமை இடமும் உங்களுக்குப் பிடிக்குமா?" போன்ற கேள்விகளுக்கு ஆம் என்று மட்டும் டிக் செய்துவிட்டு வர வேண்டாம். அந்த "ஆம்" பிறகு திட்டத்துக்கு ஆதரவு என்று அறிக்கையில் வரக் கூடும். வெற்றுப் பெட்டியில் உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள்.

எத்தனை வீடுகள் குறைந்த வாடகைக்கு, அவற்றில் எத்தனை மூன்று படுக்கையறை வீடுகள் என்று கட்டாயம் கேளுங்கள். அப்பா, அம்மா, பாட்டி, மூன்று பிள்ளைகள் என்று இருக்கும் எங்கள் குடும்பங்களுக்கு ஒற்றை அறை வீடுகளால் பயனில்லை. இப்படிப்பட்ட வாக்குறுதிகளை 106 ஆம் பிரிவு ஒப்பந்தம் என்ற சட்டப் பத்திரத்தில் எழுதித்தான் அனுமதி கொடுப்பார்கள். அதில் எழுதாத வாக்குறுதிக்குப் பெறுமதி குறைவு. லண்டனில் 150 வீடுகளோ அதற்கு மேலோ உள்ள திட்டங்கள் மேயரிடமும் போகும்.

கவுன்சில் தொடர்மாடியில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். லண்டனில் ஒரு குடியிருப்புத் தொகுதியை இடித்து 150க்குக் குறையாத புதிய வீடுகள் கட்ட மேயரின் நிதி கேட்டால், 2018 ஜூலையிலிருந்து அங்கே இருப்பவர்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்பது நிபந்தனை. சில விலக்குகள் உண்டு. மேலே வாக்கெடுப்பு அல்ல என்று சொன்னேனே, உண்மையிலேயே வாக்கெடுப்பு நடக்கும் இடம் இது. வாக்குச் சீட்டு வந்தால் தவறவிடாதீர்கள்.

முடிவு யார் எடுப்பது? நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட விண்ணப்பங்களில் அதிகாரிகளே எடுக்கிறார்கள். பெரியவையும் சர்ச்சைக்கு உரியவையும் கவுன்சிலர்கள் இருக்கும் பிளானிங் குழுவுக்குப் போகும். உங்கள் வட்டாரக் கவுன்சிலரைக் கேட்டால், தகுந்த காரணம் இருந்தால் அவர் ஒரு விண்ணப்பத்தைக் குழுவுக்கு எடுக்கச் சொல்லலாம். எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும் என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். குழுவில் பேச முன்கூட்டியே பதிய வேண்டும், கிடைப்பது வழமையாக மூன்று நிமிடம். மூன்று நிமிடத்தில் ஆறு விஷயம் சொல்லப் போனால் ஒன்றும் தங்காது. அதிகாரியின் அறிக்கை கூட்டத்துக்குச் சில நாள் முன்பே வெளிவரும். அதை வாசித்து, எங்கே உங்கள் கருத்துக்குச் சரியான பதில் இல்லையோ அந்த ஒன்றைப் பேசுங்கள்.

அனுமதி மறுக்கப்பட்டால் விண்ணப்பித்தவர் பிளானிங் இன்ஸ்பெக்டரேட் என்ற அரசாங்க அமைப்பிடம் மேன்முறையீடு செய்யலாம். அனுமதி கிடைத்தால் உங்களுக்கு அந்த உரிமை இல்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை, ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. முடிவு எடுத்த முறை சட்டப்படி பிழை என்றால் ஆறு வாரத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம், அது செலவான வழி. பலருக்கு அதைவிடப் பயன்படுவது அனுமதியுடன் சேர்த்துப் போடும் நிபந்தனைகள்: இந்த யன்னல் ஊடே பார்க்க முடியாத கண்ணாடியாக இருக்க வேண்டும், இந்தக் கூரையைப் பல்கனியாகப் பாவிக்கக் கூடாது, இந்த மரத்தை வெட்டக் கூடாது. உங்கள் கடிதத்தில் இப்படியான நிபந்தனைகளைக் கேட்டிருந்தால், "எப்படியும் அனுமதி கொடுக்கப் போகிறார்கள்" என்ற நிலையிலும் உங்கள் கடிதம் வீணாகாது. நிபந்தனையை மீறினால் கவுன்சிலின் அமுலாக்கப் பிரிவுக்கு முறைப்பாடு செய்யலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கட்டம்

இவ்வளவும் ஒரு கட்டடம் வரும்போது நடப்பவை. பலருக்குத் தெரியாத கட்டம் அதற்கு வருடக் கணக்கில் முன்னால் இருக்கிறது. ஒவ்வொரு கவுன்சிலும் உள்ளூர்த் திட்டம் ஒன்றைத் தயாரிக்கிறது. எந்தக் காணியில் வீடு வரும், எங்கே உயரமான கட்டடம் வரலாம், எந்தத் தொழிற்பேட்டை அப்படியே இருக்கும் என்பதெல்லாம் அதில் எழுதப்படுகிறது. பிறகு வரும் விண்ணப்பங்களை, வேறு வலுவான காரணம் இல்லாவிட்டால், அந்தத் திட்டத்தின்படிதான் தீர்மானிக்க வேண்டும் என்று 2004 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

வடமேற்கு லண்டனில் எங்கள் கடைகள் நிறைந்த அல்பேர்ட்டனை எடுங்கள். நிலக்கீழ் ரயில் நிலையத்தைச் சுற்றி எழும்பியிருக்கும் கோபுரங்களைப் பார்த்துப் பலர் வியக்கிறார்கள், சிலர் கோபப்படுகிறார்கள். பிரென்ட் கவுன்சில் 2022 இல் ஏற்றுக்கொண்ட உள்ளூர்த் திட்டத்தில் உயரமான கட்டடங்களுக்கு என்று குறித்த பகுதிகளில் அல்பேர்ட்டனும் ஒன்று. திட்டமே அப்படிச் சொல்லும்போது, இனி வரும் விண்ணப்பத்துக்கு "இங்கே உயரமான கட்டடம் வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் அதிகாரியால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. வெளிச்சம், காற்று, பாடசாலை இடங்கள், வைத்தியர் நிலையம் பற்றிப் பேசலாம். உயரமே கூடாது என்று பேசுவதற்கான காலம் திட்டம் எழுதும்போதே வந்து போய்விட்டது.

அந்தக் காலத்தில் உங்களைக் கேட்கும் முறைக்கும் நீதிமன்றங்கள் வரம்பு வைத்திருக்கின்றன. 1985 இல் பாடசாலைகளை மூடும் திட்டம் தொடர்பாக இதே பிரென்ட் கவுன்சிலுக்கு எதிராக நடந்த கன்னிங் வழக்கிலிருந்து நான்கு விதிகள் வந்தன. முடிவு எடுக்கும் முன்பே, மனம் திறந்திருக்கும்போதே மக்களைக் கேட்க வேண்டும். யோசித்துப் பதில் சொல்லப் போதுமான காரணங்களையும் தகவலையும் கொடுக்க வேண்டும். போதிய நேரம் கொடுக்க வேண்டும். வந்த கருத்துகளை முடிவு எடுக்கும்போது மனச்சாட்சியுடன் எடைபோட வேண்டும். ஹரிங்கே கவுன்சில், கவுன்சில் வரிச் சலுகையைக் குறைக்கும் திட்டம் பற்றி மக்களைக் கேட்டபோது, வேறு வழிகள் இருப்பதைச் சொல்லாமல் விட்டது பிழை என்று 2014 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு இந்த நான்கையும் உறுதிப்படுத்தியது. உங்களிடம் கருத்துக் கேட்டு வரும் எந்தப் படிவத்தையும் இந்த நான்கையும் வைத்து உரசிப் பார்க்கலாம். ஏதாவது இல்லையென்றால் அதையே கருத்தாக எழுதலாம்.

உள்ளூர்த் திட்டத்தைக் கவுன்சில் இறுதிசெய்து அனுப்புவதற்கு முன் ஆறு வாரம் மக்கள் கருத்துக்கு விட வேண்டும். இது 19 ஆம் விதிக் கட்டம் என்று இன்றும் அழைக்கப்படுகிறது, இந்த முறையை அரசாங்கம் இப்போது மாற்றி வருவதால் புதிய திட்டங்களில் பெயரும் படிகளும் வேறாக வரலாம். அந்தக் கட்டத்தில் திட்டத்தை மாற்றக் கோரி எழுதியவர்களுக்கு, சுயாதீன ஆய்வாளரின் முன் நேரில் பேச உரிமை உண்டு. கவுன்சில் இணையத்தளத்தில் திட்டமிடல் கொள்கைப் பக்கத்துக்குப் போய், ஆலோசனைப் பட்டியலில் உங்கள் மின்னஞ்சலைப் பதியுங்கள், அடுத்த வரைவு வெளிவரும்போது அறிவிப்பார்கள். விண்ணப்பங்களுக்குத் தனியாகப் பதிய வேண்டும்: பல கவுன்சில்களில் உங்கள் தபால் குறியீட்டைப் போட்டு வைத்தால், சுற்று வட்டாரத்தில் புதிதாக எது வந்தாலும் மின்னஞ்சல் வரும். ஊர்ச் சங்கமோ கோவில் நிர்வாகமோ பழைய மாணவர் சங்கமோ தன் பெயரிலும் பதியலாம். அப்படிப் பதிந்து, வரும் அறிவித்தல்களைத் தமிழில் இரண்டு வரியாகச் சுருக்கித் தன் வாட்ஸப் குழுவில் போட ஒருவர் இருந்தால், அந்த வட்டாரத்தில் 21 நாளும் தெரியாமல் கடந்து போகாது.